திருச்சிக்குப் போனால் முதலில் முக்கொம்பு

காலாண்டு விடுமுறை நெருங்குகிறது. "குழந்தைகள், பெரியவர்களோடு இரண்டு நாளில் போய்வர எந்த ஊர் நல்லது?" என்ற கேள்வி நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் வழக்கம்போல் வரத் தொடங்கிவிட்டது. யாராவது ஒருவர் திருச்சி என்பார். உடனே பட்டியலும் வந்துவிடும்: மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், சமயபுரம், நேரம் இருந்தால் கல்லணை. இந்தப் பட்டியலில் குறை ஒன்றும் இல்லை. வரிசையில்தான் எனக்கு வேறு கருத்து. கோயில்களை முதலில் பார்த்துவிட்டு, நேரம் இருந்தால் ஆறு என்று போகிறவர்களுக்குத் திருச்சி ஐந்தாறு தனித்தனி இடங்களாகத்தான் தெரியும். ஆற்றை முதலில் பார்த்துவிட்டால் அத்தனையும் ஒரே கதையாகச் சேர்ந்துகொள்ளும். அந்தக் கதைக்கும் உங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய்க்கும் ஒரு தொடர்பு உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஆகவே முதல் நாள் காலை, இட்லி, காபி முடிந்ததும் கரூர் சாலையில் மேற்கே கிளம்புங்கள். ஏறக்குறைய 20 கி.மீ. தொலைவில் முக்கொம்பு. மேட்டூரிலிருந்து ஒரே ஆறாக வரும் காவிரி இங்கேதான் இரண்டாகப் பிரிகிறது. தெற்கே போவது காவிரி. வடக்கே போவது கொள்ளிடம். இரண்டும் ஏறக்குறைய 30 கி.மீ. கிழக்கே போய், கல்லணை அருகே மறுபடி தொட்டுக்கொள்ளும் தூரத்துக்கு வந்து, பிறகு நிரந்தரமாகப் பிரிகின்றன. இடையில் உள்ள நீண்ட தீவில்தான் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும் இருக்கின்றன. மேப்பை விரித்துப் பிள்ளைகளிடம் காட்டினால் ஒரு நிமிடத்தில் புரிந்துகொள்வார்கள். நமக்குத்தான் "ஸ்ரீரங்கம் ஒரு தீவு" என்று படித்திருந்தாலும், பாலத்தின் மேல் காரில் போகும்போது அது உறைப்பதில்லை.

இந்த இரண்டு ஆறுகளில் கொள்ளிடம் தாழ்ந்தது, சரிவு அதிகம். தண்ணீர் தாழ்ந்த பக்கம்தான் போகும். மனிதன் ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால் காவிரியின் பெரும்பகுதி கொள்ளிடத்தில் இறங்கி நேரே கடலுக்குப் போயிருக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்து வாய்க்கால்களுக்குத் தண்ணீர் எட்டியிருக்காது. நெற்களஞ்சியம் என்று நாம் சொல்லும் டெல்டா முழுவதும், காவிரித் தண்ணீர் கொள்ளிடத்துக்கு நழுவிவிடாமல் பார்த்துக்கொண்டதால் உண்டானது. அதே நேரம் வெள்ளம் வந்தால் அந்தத் தண்ணீர் முழுவதையும் காவிரி தாங்காது, கரை உடைத்து ஊரை அழித்துவிடும். அப்போது கொள்ளிடம் வேண்டும். வெள்ளத்தைக் கொள்ளும் இடம் என்பதால்தான் அந்தப் பெயர் என்று பொருள் சொல்வார்கள். வேண்டாதபோது கொள்ளிடத்தை அடைப்பது, வேண்டும்போது திறப்பது: இரண்டாயிரம் ஆண்டுகளாக இந்த ஊரின் பெரிய வேலை இதுதான்.

முக்கொம்பில் நீங்கள் பார்க்கும் மேலணையின் தொடக்கம் 1836. கட்டியவர் ஆர்தர் காட்டன். அப்போது அவருக்கு 33 வயதுதான். அந்தக் காலத்தில் காவிரியின் படுகை மணலேறி மேடாகி, தண்ணீர் மேலும் மேலும் கொள்ளிடத்துக்கே போய்க்கொண்டிருந்தது. தஞ்சை மாவட்டத்தில் பாசனம் குறைந்து, கம்பெனியாருக்கு வர வேண்டிய நிலவரியும் ஆட்டம் கண்டது. அவர்கள் அக்கறைக்கு அந்த வரியே முக்கியக் காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. கொள்ளிடத்தின் வாயில் ஒரு குறுக்கணை போட்டால் தண்ணீரைக் காவிரிப் பக்கம் திருப்பலாம் என்பது காட்டனின் யோசனை. ஆனால் ஆற்றில் தோண்டத் தோண்ட மணல்தான் வருகிறது, பாறையே தட்டுப்படவில்லை என்றால் அணைக்கு அஸ்திவாரம் எங்கே போடுவது?

விடை 30 கி.மீ. கிழக்கே, கல்லணையில் கிடைத்தது. கரிகாலன் கட்டியதாக நாம் சொல்லும் அந்த அணையின் அடியில் பாறை கிடையாது. பெரிய பெரிய கற்களை ஆற்று மணலில் போட்டிருக்கிறார்கள். நீரோட்டம் அடியில் மணலை அரிக்க, கல் கீழே இறங்கும். அதன்மேல் இன்னொரு கல். அதுவும் இறங்கும். இப்படி இறங்கி இறங்கி, இனி இறங்காது என்ற நிலை வந்ததும் மேலே கட்டுமானம். மணலில் எப்படி அஸ்திவாரம் போடுவது என்பதை இந்தப் பழைய கட்டடத்திடமிருந்தே கற்றுக்கொண்டதாகக் காட்டன் எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பாடத்தோடுதான் பிறகு கோதாவரிக்குப் போய் தவளேசுவரம் அணையைக் கட்டினார். கோதாவரி மாவட்டங்களில் ஊருக்கு ஊர் அவருக்குச் சிலை இருக்கிறது. பாடம் படித்த இடத்தில் அவ்வளவாக இல்லை.

இந்த மேலணைக் கதையில் ஒரு சோகமான பக்கமும் உண்டு. 2018 ஆகஸ்டில் காவிரியில் பெருவெள்ளம் வந்து வடியும் நேரத்தில், 22-ஆம் தேதி இரவு, கொள்ளிடத்தின் பக்கமிருந்த 45 மதகுகளில் 9 அடித்துக்கொண்டு போய்விட்டன. 182 ஆண்டு நின்ற கட்டடம். அதே மாதம்தான் ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே 1928-இல் கட்டிய கொள்ளிடம் பழைய இரும்புப் பாலத்தின் தூண்களும் சரிந்தன. ஆற்றில் அளவு மீறி மணல் அள்ளியதால்தான் இப்படி ஆனது என்று விவசாயிகள் சொன்னார்கள். கட்டடத்தின் வயதுதான் காரணம் என்றது அரசுத் தரப்பு. மூட்டை மூட்டையாக மணலும் லாரி லாரியாகப் பாறாங்கல்லும் கொட்டி உடைப்பை அடைத்தார்கள். பிறகு புதிதாக ஒரு கதவணையே கட்டப்பட்டது. முக்கொம்புப் பூங்காவில் ஊஞ்சல் ஆடிவிட்டுத் திரும்பிவிடாமல், நடந்து போய் அந்தக் கதவணையையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. முக்கொம்பிலும் கல்லணையிலும் தண்ணீர் முழங்கால் அளவே இருப்பதுபோல் தெரியும். மணற்பாங்கான ஆறு, அடியில் எங்கே குழி என்று சொல்ல முடியாது. மேலே தண்ணீர் திறந்துவிட்டால் மட்டம் சட்டென ஏறும். நீச்சல் குளத்தில் நன்றாக நீந்தும் நம் பிள்ளைகளுக்கு ஆற்று இழுப்பு பழக்கமில்லை. தடை என்று பலகை வைத்திருக்கும் இடத்தில் கால் நனைக்கக்கூட இறங்க வேண்டாம். குளிக்க ஆசை என்றால் படித்துறையில், உள்ளூர்க்காரர்கள் குளிக்கும் இடத்தில், பெரியவர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு குளிக்கலாம்.

வெயில் சாய்ந்ததும் மலைக்கோட்டை. லிஃப்ட் கிடையாது. 400-க்கும் மேற்பட்ட படிகள், செருப்பைக் கீழேயே விட்டுவிட வேண்டும். நடுப்பகலில் ஏறினால் மேலே கல் சுடும். மூட்டு வலி உள்ளவர்கள் கீழே மாணிக்க விநாயகரோடு நிறுத்திக்கொள்ளலாம், அல்லது நிதானமாகத் தாயுமானவர் சந்நிதி வரை ஏறலாம். முடிந்தவர்கள் உச்சிப் பிள்ளையார் வரை போகிறார்கள். போகும் வழியில் மூச்சு வாங்கிக்கொண்டே எல்லோரும் கடந்து போய்விடும் ஒரு குகையைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும்.

தாயுமானவர் சந்நிதியைத் தாண்டி உச்சிக்கு ஏறும் வழியில், பாறையைக் குடைந்து எடுத்த சிறிய கோயில் அது. 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் செய்தது. சுவரில் கங்காதரர் சிற்பம். சிவன் ஒரு சடையை நீட்டிப் பிடித்திருக்க, மேலிருந்து கங்கை சிறு பெண்ணுருவமாகக் கைகூப்பி இறங்கி வருகிறாள். இரண்டு பக்கத் தூண்களிலும் பல்லவர் காலத்து எழுத்தில் வடமொழிக் கல்வெட்டு. மகேந்திரன் வேறு மதத்திலிருந்து சைவத்துக்கு வந்ததற்குச் சான்றாக வரலாற்று ஆசிரியர்கள் எடுத்துக்காட்டும் கல்வெட்டு இதுதான். எனக்குப் பிடித்த பகுதி அதுவல்ல.

அதில் ஒரு செய்தி இப்படிப் போகிறது. சிவன் மன்னனிடம் கேட்கிறாராம்: நீ எனக்குத் தரையில் கோயில் கட்டினால், சோழர்களின் வளமான நாட்டையும் காவிரியையும் நான் எப்படிப் பார்ப்பது? அதனால்தான் மன்னன் மேகம் தொடும் இந்த மலையிலேயே அவருக்கு வீடு அமைத்துக் கொடுத்தான் என்கிறது கல்வெட்டு. ஆற்றைப் பார்க்க நல்ல இடம் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்ட தெய்வம்! வீடு வாங்கும்போது எந்தப் பக்கம் பால்கனி என்று நாம் கேட்பதுபோலவே இருக்கிறது.

இன்னொரு செய்தி அதைவிட ருசியானது. சிவனுக்கு ஆறுகள் என்றால் பிரியம், ஏற்கெனவே கங்கை தலையில் இருக்கிறாள். கண்ணுக்கு இனிய நீரும் சோலைகள் மாலையாகச் சூழ்ந்த அழகும் கொண்ட காவிரியைப் பார்த்தால் அவள்மேலும் ஆசை வந்துவிடுமோ என்று பார்வதிக்குப் பயம். அதனால் பிறந்த வீட்டை விட்டு வந்து இந்த மலையிலேயே தங்கிவிட்டாளாம். "இந்த ஆறு பல்லவ மன்னனுக்கு உரியவள்" என்று கணவனுக்கு ஓயாமல் நினைவூட்டிக்கொண்டிருக்கிறாளாம். வேடிக்கையாகச் சொன்னாலும் உள்ளே அரசியல் இருக்கிறது. மலையின் அடிவாரத்தில் உறையூர், சோழர்களின் பழைய தலைநகரம். அந்த ஊரின் தலைக்கு மேலே நின்றுகொண்டு, காஞ்சியிலிருந்து வந்த மன்னன் காவிரி தன்னுடையவள் என்று கல்லில் எழுதி வைக்கிறான். அந்த ஆறு யாருக்கு என்ற வழக்கு இன்னும் முடியவில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

குகையைப் பார்த்துவிட்டு உச்சிக்குப் போய் வடக்கே திரும்பி நில்லுங்கள். காலடியில் காவிரி, அதற்கப்பால் தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஸ்ரீரங்கம் கோபுரங்கள், அதற்கும் அப்பால் வெளுப்பாக ஒரு பட்டை தெரிந்தால் அது கொள்ளிடம். காலையில் முக்கொம்பில் பிரிந்து போகப் பார்த்தீர்களே, அந்த இரண்டும் இதோ.

இரண்டாம் நாள் தீவுக்கு. ஸ்ரீரங்கத்தைப் பற்றி நம்மில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஏழு பிராகாரம், 21 கோபுரம், 156 ஏக்கர். நுழைந்ததும் தெரியும் 236 அடி ராஜகோபுரம் பழங்காலத்தது என்று நினைப்பவர்கள் உண்டு. அதன் அடித்தளம்தான் பழையது. பல நூற்றாண்டுகள் மொட்டைக் கோபுரமாகவே நின்று, 1987-இல்தான் முழுமை பெற்றது. நம் குடியிருப்பில் அதற்கு முன் ஸ்ரீரங்கம் போன பெரியவர்கள் இருந்தால் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், மொட்டையாகப் பார்த்த நினைவு இருக்கும்.

கோயிலுக்கும் இரண்டு ஆறுகளுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பெருமாளின் திருமஞ்சனத்துக்கு ஆண்டில் பதினொரு மாதம் கொள்ளிடத்திலிருந்து வெள்ளிக் குடத்தில் தண்ணீர் வரும். ஐப்பசி மாதம் மட்டும் காவிரியிலிருந்து, யானை மேல், தங்கக் குடத்தில். ஆடியில் பெருமாளே அம்மா மண்டபம் படித்துறைக்கு எழுந்தருளிக் காவிரிக்குச் சீர் கொடுப்பார். மகளுக்கு மஞ்சளும் சேலையும் கொடுத்தனுப்புவதுபோல. ஐப்பசியில் போகிறவர்கள் காலையில் சீக்கிரம் எழுந்தால் யானை வருவதைப் பார்க்கலாம். பிள்ளைகளுக்கு அது போதும், மற்றதெல்லாம் மறந்தாலும் அதை மறக்கமாட்டார்கள்.

திருவானைக்காவலிலும் தண்ணீர்தான். கருவறைக்குள்ளேயே ஊற்று கசியும், பஞ்சபூதத் தலங்களில் இது நீருக்கு உரியது. இரண்டு ஆறுகளுக்கு நடுவே நிலத்தடி நீர் இவ்வளவு மேலே இருக்கும் இடத்தில் அந்தப் பெருமை வந்து அமைந்தது பொருத்தம்தான்.

தீவு பாதுகாப்பானது என்று நம்பி வந்து மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. 1752-இல் திருச்சிக் கோட்டைக்குள் முகமது அலியும் ஆங்கிலேயரும். வெளியே முற்றுகையிட்டவர்கள் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும். நெருக்கடி வந்ததும் பிரெஞ்சுத் தளபதி லா, ஆற்றைத் தாண்டித் தீவுக்குள் பின்வாங்கினார். சுற்றிலும் ஆறு, உள்ளே கோயில்களின் கனத்த மதில்கள், இதைவிடப் பத்திரமான இடம் ஏது? லாரன்ஸும் கிளைவும் கொள்ளிடத்துக்கு வடக்கே சமயபுரம் பக்கமும் தெற்கே காவிரிப் பக்கமும் வழியை அடைத்தார்கள். உணவும் உதவியும் வர வழியில்லை. அந்த ஜூன் மாதத்தில் லா சரணடைந்தார். சந்தா சாகிப் கொல்லப்பட்டார். தென்னிந்தியா யார் கைக்குப் போகும் என்பது பெருமளவுக்கு இந்தத் தீவில் முடிவானது. பிரசாதக் கடைக்கு எதிரே நிற்கும் மதிலைப் பார்க்கும்போது இதையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளலாம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கல்லணை. அணை என்றதும் மேட்டூரைப் போல் ஒரு பெரிய சுவரையும் பின்னால் கடல்போல் தண்ணீரையும் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். கல்லணை தண்ணீரைத் தேக்குவதற்கு அல்ல, திருப்புவதற்கு. நீங்கள் மேலே பார்க்கும் மதகுகளும் பாலமும் 19-ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னும் வந்தவை. கரிகாலன் பெயர் சொல்லும் பழைய கல் வேலை அவற்றுக்கு அடியில் இருக்கிறது. ஏறக்குறைய 1,080 அடி நீளம் என்பது பழைய கணக்கு. இங்கிருந்துதான் காவிரியும் வெண்ணாறும், 1934-இல் வெட்டிய புது ஆறும் டெல்டாவுக்குக் கிளம்புகின்றன. மிச்சம் கொள்ளிடத்துக்கு. ஒரே இடத்தில் நின்று நாலு பக்கம் கையைக் காட்டி நாலு ஆறு காட்டலாம்.

இங்கே காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருப்பது கொஞ்சம் நிலமும் கரையும்தான். அந்தக் கரையின் மதிப்பு எதிரிகளுக்கும் தெரிந்திருந்தது. 1754-இல், தஞ்சை மன்னர் ஆங்கிலேயர் பக்கம் நின்றதற்குத் தண்டனையாக, பிரெஞ்சுத் தரப்பு கோவிலடி அருகே அந்தக் கரையை வெட்டிவிட்டது. தண்ணீர் கொள்ளிடத்துக்கு ஓடிவிட்டால் தஞ்சையில் பயிர் இல்லை. படையெடுப்பைவிடக் கொடிய வேலை. தஞ்சையிலிருந்து ஆட்கள் வந்து, படைக் காவலோடு கரையைத் திரும்பக் கட்டினார்கள்.

இப்போது நம் குழாய்க்கு வருகிறேன். முக்கொம்பிலோ கல்லணையிலோ கொள்ளிடத்துக்குள் விடப்படும் தண்ணீர் கிழக்கே போய் அணைக்கரையில் கீழணையை அடைகிறது. அதுவும் காட்டன் அதே 1836-இல் கட்டியது. அங்கிருந்து வடவாறு வழியாகக் காட்டுமன்னார்கோயில் பக்கத்து வீராணம் ஏரிக்கு. பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்து ஏரி. பொன்னியின் செல்வனின் முதல் அத்தியாயத்தில் வந்தியத்தேவன் குதிரையில் போவது இந்தக் கரையில்தான். 2004-லிருந்து வீராணத்துத் தண்ணீர் 200 கி.மீ.-க்கும் அதிகமாகக் குழாயில் பயணம் செய்து போரூர் வழியாகச் சென்னைக்குள் வருகிறது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, நாம் வாளியோடு லாரிக்காகக் காத்திருந்த நாட்களில், அந்த நான்கு ஏரிகளும் கைவிட்ட நகரத்துக்கு வீராணத்திலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மாதாந்திரக் கூட்டத்தில் தண்ணீர்க் கட்டணம் பற்றி நாம் வாதம் செய்யும்போது, அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு முக்கொம்பு மதகுகளைத் தாண்டி வந்ததாக இருக்கலாம். 2018-இல் உடைந்தது திருச்சிக்காரர்களின் மதகு மட்டுமல்ல. கொள்ளிடத்தின் மணலும் அப்படியே. அதற்குள் கிணறு இறக்கித்தான் பல கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் நடக்கின்றன. மணல் போனால் அந்தக் கிணறுகளுக்குத் தண்ணீர் வடிகட்டித் தர ஒன்றும் மிஞ்சாது.

எப்போது போகலாம்? பாசனத்துக்கு மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. நீர் இருப்பைப் பொறுத்து முன்பின் ஆகும். இந்த மாதங்களுக்கு நடுவே போனால் காவிரியில் தண்ணீர் பார்க்கலாம், காலாண்டு விடுமுறை அதில் நன்றாகப் பொருந்துகிறது. ஏப்ரல், மே வேண்டாம். மணலைக் காட்டி "இதுதான் காவிரி" என்று சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

காரில் போனால் வசதி என்றாலும், திரும்பும்போதாவது ரயிலில் வரப் பாருங்கள். சென்னைக்கு வரும் பகல் ரயிலில் இடப்பக்க ஜன்னல் இருக்கையாகக் கேட்டு வாங்குங்கள். திருச்சி டவுன் தாண்டியதும் முதல் பாலம், அது காவிரி. பின்னால் மலைக்கோட்டை தெரியும். உடனே ஸ்ரீரங்கம் நிலையம், கோபுரங்கள். பிறகு இரண்டாவது பாலம் வரும், முதலாவதைவிட நீளமாக. கீழே பெரும்பாலும் மணல்தான் தெரியும், நடுவில் ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர். பிள்ளைகள் செல்போனில் தலையைக் கவிழ்த்திருந்தால் அந்த ஒரு நிமிடம் மட்டும் நிமிரச் சொல்லுங்கள். அது கொள்ளிடம். நமக்கு முன்பே சென்னைக்குக் கிளம்பிவிட்ட தண்ணீர் அது.